ஆறரை கிலோ

ஜூலை மாதத்து மதியம். ராஸ்கிராத் ஊரில் நாய்கள்கூட வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தன. அந்த வெக்கையில் மல்யுத்தக் கூடத்தின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு, இரண்டு கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஒரு நைலான் மழைக்கோட்டு, தலையில் குளிர்காலக் குல்லாய் சகிதமாக ஒருவர் மெத்தையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். ஓட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அறுபத்து மூன்று வயதும் நூற்று இருபத்தெட்டு கிலோவும் சேர்ந்தால் அது ஓட்டமாக இருக்காது, நகர்வலமாகத்தான் இருக்கும்.

அவர் பெயர் ஸ்தாமென். ஒரு காலத்தில் நூறு கிலோ பிரிவில் மோதியவர். இப்போது அதே கூடத்தில் பிள்ளைகளுக்குப் பிடி சொல்லிக் கொடுக்கிறார். மெத்தை ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மடியில் பாதித் தர்பூசணியை வைத்துக்கொண்டு கரண்டியால் தோண்டித் தின்றுகொண்டிருந்தவர் ஹுசேன். இருவரும் பத்து வருடம் ஒருவரையொருவர் தூக்கிப் போட்டவர்கள். பாதி ஆட்டங்களில் ஒருவர், பாதியில் மற்றவர். பெரிய பாதி யாருடையது என்பதில் இன்றைக்கும் சண்டை தீரவில்லை.

"எந்தப் போட்டிக்குடா இந்தப் பாடு?" என்றார் ஹுசேன். "கெழவனுங்களுக்குன்னு ஏதாவது புதுசா ஆரம்பிச்சிருக்கானுங்களா?"

"வாயை மூடிட்டு நீராவி அறையைச் சூடு பண்ணு."

"தண்ணி குடிச்சியா இல்லியா?"

"நேத்து காலையில குடிச்சேன்."

"நல்லா இருக்கு. தென்காவுக்குத் தெரியுமா?"

"கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போறேன்னு சொல்லிருக்கேன்."

"நம்பிட்டாளா?"

"அவ என்னைக்குடா நான் சொன்னதை நம்பியிருக்கா?"

இப்போது விஷயத்துக்கு வந்துவிடலாம். தென்கா அவருடைய மனைவி. முடிதிருத்தும் கடை வைத்திருந்தவள். ஊர்ப் பெண்களில் பாதிப் பேரின் தலை அவள் கையில்தான் இருந்தது, மீதிப் பேரின் ரகசியமும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் எத்தனை வருடம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் ஸ்தாமென் தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சுவருக்கு அடிக்கும் வர்ணத்திலிருந்து சூப்பில் போடும் பூண்டு வரைக்கும் எதிலும் ஒத்துப்போகாத இருவருக்கு ரத்தம் மட்டும் ஒத்துப்போனது. டாக்டர்களுக்கு அது சந்தோஷம். இவர்களுக்குத்தான் நம்ப முடியவில்லை.

ஒவ்வொரு பரிசோதனையாகத் தேறி வந்தார். கடைசியாக மிச்சமிருந்தது ஸ்கேன். நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, கதிர் பாய்ச்சி, எந்தச் சிறுநீரகத்துக்கு எத்தனை ரத்தக் குழாய் போகிறது, எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்று பார்ப்பார்கள். அதற்கு நாள் குறிக்கத்தான் போன மாதம் தலைநகர் சோஃபியாவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஸ்கேன் அறையில் கெர்கானா என்கிற பெண் அவருடைய உயரம், எடையெல்லாம் கேட்டாள்.

"நூத்தி இருபத்தெட்டு," என்றார் ஸ்தாமென், கொஞ்சம் பெருமையாகவே. "படுக்கை தாங்குமா பொண்ணு?"

"அதெல்லாம் தாங்கும் அண்ணே. உங்களை விடப் பெரிய ஆளுங்க வந்து படுத்திருக்காங்க."

அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "பெரிய ஆளுக்கும் சின்ன ஆளுக்கும் ஒரே அளவு கதிர்தானா?" என்று கேட்டுவைத்தார்.

"இல்லண்ணே. மெஷின் மொதல்ல மேலாப்புல ஒரு தடவை பாத்துக்கும். ஆள் பருமனா இருந்தா கதிரைத் தானா கூட்டிக்கும். ஒல்லியா இருக்கறவங்களை விட உங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு ஆகும். ஆனா அதுல..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவள் பேசிய எதையும் ஸ்தாமென் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி, வெளியே வந்துவிட்டார்.

கதிர் தன் உடம்பை ஏதாவது செய்துவிடும் என்ற பயமெல்லாம் அவருக்கு இல்லை. காது இரண்டும் மல்யுத்தத்தில் நசுங்கிக் காளான் போல ஆன மனிதர், இதற்கா பயப்படுவார். அவருடைய கவலை வேறு. அந்தச் சிறுநீரகம் இனி அவருடையது அல்ல, தென்காவுடையது. இவர் பத்திரமாக வைத்திருந்து கொடுக்க வேண்டியவர், அவ்வளவுதான். கிராமத் திருவிழாப் போட்டியில் ஜெயித்தால் பரிசாகக் கொடுக்கும் கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது, அதன் காலில் ஒரு கீறல் பட்டால்கூட மனசு கேட்காது. இது கிடாவா? இரண்டு மூன்று மடங்கு கதிரைப் பாய்ச்சி, பாதி வெந்ததைக் கொண்டுபோய் அவளுக்கு எப்படிக் கொடுப்பது?

நாலு நாள் இதையே போட்டு உருட்டினார். அப்புறம் விடை கிடைத்தது. மெஷின் முதலில் ஆளைப் பார்க்கிறது, அப்புறம் எவ்வளவு என்று முடிவு செய்கிறது. அதாவது இது எடைப் பரிசோதனை. எடைப் பரிசோதனைக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பது ஸ்தாமெனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நூற்றாறு கிலோ உடம்பை இரண்டே நாளில் நூறாக்கித் தராசில் ஏற்றி, எத்தனை நடுவர்களின் முகத்தில் கரி பூசியிருக்கிறார்.

ஆக, கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, குல்லாய். ஓட்டம் முடிந்து நீராவி அறை. நீராவி முடிந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மிட்டாயைச் சப்பிச் சப்பி எச்சிலை ஒரு டப்பாவில் துப்புவது. கடைசிக் கால் கிலோ அப்படித்தான் போகும். அன்று சாயங்காலம் கூடத்தின் பழைய தராசில் ஏறி நின்றபோது முள் நூற்று இருபத்தொன்றரையைக் காட்டியது.

"ஆறரை கிலோ," என்றார் ஸ்தாமென். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சொல் பாதிதான் வெளியே வந்தது.

ஹுசேன் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். ஸ்தாமென் அதை வாயில் விட்டுக் கொப்பளித்து, ஒரு சொட்டு உள்ளே போகாமல் துப்பினார்.

"உனக்குப் பைத்தியந்தான் புடிச்சிருக்கு," என்றார் ஹுசேன். ஆனால் அந்தக் குரலில் பாதி பொறாமை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஹுசேனின் பழைய காரில் மூவரும் கிளம்பினார்கள். முந்தின நாள் டயாலிசிஸ் செய்துகொண்ட களைப்பு. தென்கா பின் இருக்கையில் கால் நீட்டிப் படுத்தே வந்தாள். வழியில் ஹுசேன் சீஸ் வைத்துச் சுட்ட பனித்சா பலகாரம் வாங்கி மணக்க மணக்கத் தின்றார். ஸ்தாமென் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நீ சாப்பிடல?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஸ்கேனுக்கு வெறும் வயித்தோட வரச் சொல்லிருக்காங்க."

"அது சரி. மூஞ்சி ஏன் அவிச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு?"

"வெள்ளையடிச்ச களைப்பு."

"சட்டையில ஒரு சொட்டு சுண்ணாம்பு இல்ல. உன்னை மாதிரி சுத்தமா வெள்ளையடிக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல."

ஹுசேன் இருமினார். ஸ்தாமென் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சூரியகாந்தி வயல்களை மிகவும் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஸ்கேனுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. மருந்து ஏற்றலாமா கூடாதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் கெர்கானா இரண்டு கையிலும் தட்டித் தட்டிப் பார்த்தாள். "போன தடவை கயிறு மாதிரி இருந்துச்சே அண்ணே, எங்க ஒளிச்சு வச்சீங்க?" என்றாள். கடைசியில் எப்படியோ எடுத்தாள். ரத்தம் வேண்டா வெறுப்பாக வந்தது.

காத்திருந்தார்கள். இவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனார்கள். இவரை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வழியாக டாக்டர் போஷ்கோவாவே வந்து, புருஷன் பெண்டாட்டி இருவரையும் தன் அறைக்குள் அழைத்துக்கொண்டு போனார். மாற்று அறுவை சிகிச்சைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர் அவர். சிரிக்கத் தெரிந்தவர்தான், அன்று சிரிக்கவில்லை.

"ஸ்தாமென் ஐயா, இன்னைக்கு ஸ்கேன் எடுக்க முடியாது. கிரியாட்டினின் ஏறியிருக்கு. சிறுநீரகம் வேலை செய்யறது குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"போன மாசம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

"போன மாசம் நல்லாத்தான் இருந்தது. அதனாலதான் எனக்கும் புரியல. ஒரே மாசத்துல இப்படி ஏறினா லேசா விட முடியாது. இப்படியே இருந்தா உங்ககிட்டருந்து எடுக்கறதைப் பத்தி யோசிக்கவே முடியாது. உங்களுக்கே அது வேணும்."

ஸ்தாமெனுக்குத் தலை சுற்றியது. தான் செய்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றவே இல்லை. மல்யுத்த நாட்களில் யார் சிறுநீரகத்தைப் பார்த்தார்கள்? தராசைத்தான் பார்த்தார்கள். அவர் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: தன்னுடையதும் கெட்டுப்போய்விட்டது. அவளுக்குக் கொடுக்க இனி தன்னிடம் எதுவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள், எத்தனை வருடமோ, அவள் அந்தப் படுக்கையிலேயே கிடக்க வேண்டியதுதான். பெரிய கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அழுகை வரும் போல இருந்தது. வந்திருக்கும், ஆனால் கண்ணில் ஈரம் இல்லை.

டாக்டர் தென்காவின் பக்கம் திரும்பி, மேற்கொண்டு என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். தென்கா அதைக் கேட்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. மிட்டாயைச் சப்புகிற மாதிரி வெறும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தை அவள் பல வருடம் பார்த்திருக்கிறாள். பிளோவ்திவ் போட்டிக்கு முன்னால், வார்னா போட்டிக்கு முன்னால், தங்கள் கல்யாணத்துக்கு மறுவாரம் வந்த ஒரு போட்டிக்கு முன்னாலும்.

"எத்தனை கிலோ?" என்றாள்.

டாக்டர் பாதிப் பேச்சில் நின்றார். "என்ன கேட்டீங்க?"

"உங்களைக் கேக்கல டாக்டரம்மா. ஏய்யா ஸ்தாமென், உன்னைத்தான். எத்தனை கிலோ?"

ஸ்தாமென் தலை நிமிரவில்லை. "ஆறரை," என்றார்.

"எத்தனை நாள்ல?"

"ரெண்டு."

தென்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அடிக்க வேண்டும் போலவும் வந்தது. டாக்டரிடம் திரும்பி, "இந்த மனுஷன் கிட்னிக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி குடிக்காம, கம்பளியை மாட்டிட்டு ஓடிட்டு வந்திருக்கு," என்றாள். "ஏன்னு மட்டும் எனக்குத் தெரியல. சொல்லுய்யா, ஏன்?"

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. மெஷின் ஆளைப் பார்த்துக் கதிரைக் கூட்டும் என்று அந்தப் பெண் சொன்னது, இரண்டு மூன்று மடங்கு, அவளுக்குப் போக வேண்டிய பொருள், வெந்துபோகக் கூடாது. கடைசியில் தரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "நல்லதாக் கொடுக்கணும்னு நெனச்சேன்," என்றார்.

டாக்டர் போஷ்கோவா கெர்கானாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்து கதையைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்க தொப்பியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. கதிரை ஏன் கூட்டறோம்? கொழுப்பையும் தசையையும் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேரணும், அதுக்குத்தான். கூட்டறதுல நிறைய உங்க வயிறே தடுத்துரும். உள்ள கிட்னிக்குப் போறது மூணு மடங்கெல்லாம் ஆகாது. குறைச்சு வச்சா படம் மணலை வாரி எறிஞ்ச மாதிரி வரும். அப்புறம் திரும்ப ஒரு தடவை எடுக்கணும்."

"அப்போ இந்தத் தொப்பை ஒரு கவசம்னு சொல்லு," என்றார் ஸ்தாமென். அந்த நிலைமையிலும் விட மனசில்லை.

"கவசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கூட்ட வேண்டி வர்றதே அதாலதான். ஆறரை கிலோ எறக்கினீங்களே, பெல்ட்டு எவ்வளவு உள்ள போச்சு?"

"ஒரு ஓட்டை."

"மெஷினுக்கு அது கண்ணுலயே படாது. அது பாக்கறது எடையை இல்லண்ணே, பருமனை. வயிறு இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் எவ்வளவு தூரம்னு. வத்தினது தண்ணி, தொப்பை அங்கேயேதான் இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒரு ஸ்கேனோட கதிர் சிறுநீரகத்தை வேக வச்சுராது ஐயா. எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கோம். ஆனா இப்படி வத்திப்போன சிறுநீரகத்துல நாங்க அந்த மருந்தை ஏத்தியிருந்தா அது நிஜமாவே அடி வாங்கியிருக்கும். நீங்க காப்பாத்தறேன்னு நெனச்சு செஞ்சதுதான் கெடுத்திருக்கும்." அதற்கு மேல் அவர் திட்டவில்லை. "போய் நல்லா தண்ணி குடிங்க. அடுத்த செவ்வாய் வாங்க. ரத்தத்தைத் திரும்பப் பாப்போம். எண் எறங்கினா சரி. எறங்கலைன்னா வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம். அப்போ என்னால எதுவும் செய்ய முடியாது."

திரும்பி வரும்போது தென்கா வாயே திறக்கவில்லை. ஹுசேனுக்கு அது பயமாக இருந்தது. வானொலியைப் போட்டார், அணைத்தார், திரும்பப் போட்டார். பால்கன் மலையைத் தாண்டுவதற்குள் ஸ்தாமென் ஒரு புட்டி தண்ணீரை முடித்து, இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஏறினார். இரண்டாவது தடவை ஏறிக் கதவைச் சாத்தியதும் அவள் ஆரம்பித்தாள்.

"நீ இவனுக்குக் கூட்டாளி இல்லியா?" என்று முதல் அடி ஹுசேனுக்கு விழுந்தது.

"நானு நீராவி அறைச் சாவியைத்தான் கொடுத்தேன் தென்கா. மத்தபடி தர்பூசணி தின்னுட்டு இருந்தேன்."

"நல்ல வேலை செஞ்சே. இவன் அங்கேயே சுருண்டு விழுந்திருந்தா தோலைப் போட்டு மூடியிருப்பே." அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேளுய்யா. நான் ரெண்டு வருஷமா தாகத்தோட கெடக்கேன். ஒரு நாளைக்கு எனக்கு எவ்வளவு தண்ணின்னு அளந்து வச்சிருக்காங்க. சூப்பு, காப்பி எல்லாம் அதுக்குள்ளதான். ராத்திரி கண்ணை மூடினா ஆறு ஓடுது எனக்கு. நீ என்னடான்னா ஊரு முழுக்கத் தண்ணியை வச்சுக்கிட்டு வேணும்னே காஞ்சு கெடக்கே. உனக்கு வெக்கமா இல்ல?"

"உனக்காகத்தானே..."

"எனக்காக நீ செத்துப்போனா எனக்கு எவன் முடியெடுக்கிற நாற்காலியைத் தூக்கி வைப்பான்? எவன்கிட்ட நான் சண்டை போடுவேன்? எனக்கு உன் கிட்னி அப்புறம். மொதல்ல நீ வேணும். முழுசா வேணும்." ஹுசேன் வானொலியை மறுபடியும் போட்டார்.

அந்த ஒரு வாரம் ஸ்தாமெனுக்கு எந்தப் போட்டிக்கு முந்தின வாரத்தையும் விட நீளமாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பிடி சொல்லிக் கொடுக்கும்போதுகூட நடுவில் நின்று எதையோ யோசித்தார். ஒரு சின்னப் பயல் அந்தச் சமயம் பார்த்து அவர் காலை வாரிவிட்டு, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எண் இறங்காவிட்டால்? உண்மையிலேயே எதையோ கெடுத்துக்கொண்டுவிட்டாரோ? ஹுசேனிடம் கேட்டார். "எனக்கு எப்படிடா தெரியும், நான் என்ன டாக்டரா," என்றார் ஹுசேன். அன்றைக்கு அவரும் கேலி செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. இந்தத் தடவை நரம்பு ஒளியவில்லை. கெர்கானா ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். நடைகூடத்தில் உட்கார்ந்திருந்தபோது தென்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பொது இடத்தில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. டாக்டர் போஷ்கோவா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"எறங்கிடுச்சு. போன மாசம் இருந்த இடத்துக்கே வந்துடுச்சு. போய்ப் படுங்க."

ஸ்தாமென் எழுந்து நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஸ்கேன் அறைக்குள் போனார்.

படுக்கை ஒரு முனகல்கூட இல்லாமல் அவரைத் தாங்கியது. கெர்கானா அவரை இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் நகர்த்தி, படுக்கையையும் ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

"சரியா நடுவுல இருக்கணும் அண்ணே. படுக்கை மேல ஏறியோ கீழ எறங்கியோ இருந்தா மெஷின் உங்க அளவைத் தப்பாப் புரிஞ்சுக்கும். இல்லாத பருமனையும் சேத்துக் கணக்குப் போட்டு இன்னும் கூட்டிடும்."

அதைக் கேட்டதும் ஸ்தாமென் பிணம் மாதிரி விறைத்துக்கொண்டார். மூச்சுகூட விடவில்லை.

"இப்பவே மூச்சை அடக்க வேணாம். சொல்லும்போது அடக்கினா போதும்."

மருந்து உள்ளே போனது. கழுத்திலிருந்து தொடை வரைக்கும் வெதுவெதுப்பாக இறங்கியது. "பொண்ணு," என்றார் தயக்கமாக, "நான் வந்து... இங்கயே..."

"இல்லண்ணே, எல்லாருக்கும் ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரிதான் இருக்கும். நீங்க ஒண்ணும் செஞ்சுடல."

படம் ஒரே தடவையில் தெளிவாக வந்தது. இரண்டும் நல்ல சிறுநீரகங்கள். இடது பக்கத்தில் இருப்பதை எடுக்கலாம் என்றார் டாக்டர் போஷ்கோவா, ரத்தக் குழாய் அங்கேதான் சுலபமாக இருக்கிறது. கணினித் திரையில் சாம்பல் நிறத்தில், பயறு போல வளைந்து, அது தெரிந்தது. தென்கா கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஒரு நிபந்தனை," என்றார் டாக்டர். "குளிர்காலத்துக்குள்ள பதினஞ்சு கிலோ குறைக்கணும். மயக்க மருந்துக்கும் நல்லது, மிச்சம் இருக்கற ஒண்ணுக்கும் நல்லது."

"பதினஞ்சா? அஞ்சு நாள் கொடுங்க," என்று வாயெடுத்த ஸ்தாமென், இரண்டு பெண்களும் தன்னைப் பார்த்த பார்வையில் அப்படியே அடங்கினார்.

"கொழுப்புல பதினஞ்சு. தண்ணியில இல்ல. மெதுவா, நடந்து, ரொட்டியைக் குறைச்சு. இப்போதைக்கு அந்த மருந்து வெளிய போகணும். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு லிட்டர் குடிச்சு முடிங்க."

ஹுசேன் காரை எடுத்துவரப் போனார். ஆஸ்பத்திரி முற்றத்தில் லிண்டன் மரங்களுக்கு நடுவே, யாரோ இறந்தவர் பெயரில் கட்டிய கல் குழாய் ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. விட்தோஷா மலைத் தண்ணீர். தென்கா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்கு மிச்சமிருந்தது அரைக் கோப்பைதான், அது ராத்திரி மாத்திரைக்கு. ஸ்தாமென் புட்டியை நிரப்பினார். நிரப்பி எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

"ஏய்யா," என்றாள் தென்கா. "மரம் உன்னை விட ஒல்லி. ரெண்டு பக்கமும் தெரியறே."

அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இங்க வந்து உக்காரு. உக்காந்து குடி."

"வேணாம் தென்கா."

"ரெண்டு வருஷமா குளியலறையில போய்க் கதவைச் சாத்திட்டுக் குடிக்கிறே. மொடக்கு மொடக்குன்னு முழுங்கற சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? மாடு குடிக்கிற மாதிரி இருக்கும்."

ஸ்தாமென் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். புட்டி கையில் சில்லென்று இருந்தது. "உனக்குக் கஷ்டமா இருக்கும்," என்றார்.

"இருக்கும். அதுக்கு என்ன செய்ய? இப்ப நீ குடிக்கிறது யாருக்கு? அந்த எடது பக்கத்துக்குத்தானே. அது எனக்கு வரப்போறது. அது நல்லாக் குடிக்குதான்னு நான் பாக்க வேணாமா?"

அவர் புட்டியைத் தூக்கினார். முதல் வாய் தயங்கித் தயங்கி இறங்கியது. இரண்டாவது வாய் போனது. அவள் வைத்த கண் வாங்காமல் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரி இருக்கு."

"ஒழுங்கா சொல்லுய்யா."

ஸ்தாமென் இன்னொரு வாய் குடித்துவிட்டு, சொற்களைத் தேடினார். பேச்சு அவருக்குக் கைவந்த கலை இல்லை. "பல்லு கூசுது," என்றார். "கல்லு வாசனை கொஞ்சம் இருக்கு. நாக்குல பட்டதும் இனிக்குது, அப்புறம் இனிப்பு இல்ல. எறங்கறது தெரியுது. இங்க வரைக்கும் தெரியுது." நெஞ்சுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசையில் நின்றது, அதைத் துடைக்கவில்லை.

தென்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் தொண்டையும் ஒரு தடவை ஏறி இறங்கியது.

"இன்னொரு வாய் குடி," என்றாள். "அதையும் சொல்லு."